ஒளிஞ்சிருக்கேனா, இல்லையா? - டி அண்ட் டி டேபிளில் தீராத விதிப் பஞ்சாயத்து!

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடு ஞாபகம் இருக்கா? 1983 நவம்பர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்ற கற்பனை ஊர். மைக் வீட்டு பேஸ்மென்ட்டில் நாலு பசங்க மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே டெமோகார்கன். வில் நெருப்புப் பந்தை வீசுகிறான். தப்பிக்க 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பகடை மேஜையைத் தாண்டி எங்கோ உருண்டு ஓடுகிறது. தேடிப் பிடித்துப் பார்த்தால்... 7!

ஆனால், மைக் அதைப் பார்க்கவில்லை. அந்த ஆட்டத்தின் நடுவர் அவன்தான். அவன் பார்க்கலைன்னா அந்த எண் கணக்கிலேயே வராது என்பது மற்ற பசங்களின் வாதம். யாரும் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் மேட்டர் அத்தோடு முடிந்திருக்கும். கிளம்பும்போது வில் தானாகவே மைக்கிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறான். விழுந்தது 7, டெமோகார்கன் தன்னைப் பிடித்துவிட்டது என்று!

நாம எல்லோரும் அதை வரப்போகும் ஆபத்துக்கான குறியீடாகத்தான் பார்த்தோம். ஆனால், டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி ஆடுகிறவர்களுக்கு அந்த சீன் ரொம்பப் பழகிய ஒரு தலைவலி. கீழே விழுந்த பகடை செல்லுமா? நடுவர் பார்க்காத எண் செல்லுமா? இதை யார் முடிவு செய்வது, எப்போது முடிவு செய்வது?

50 வருஷத்துக்கும் மேலாக ஆடப்படும் இந்த விளையாட்டில் இன்னும் தீராத பஞ்சாயத்து இதுதான். கடந்த ஓரிரு வருடங்களில் அது இன்னும் சூடாகியிருக்கிறது. புது விதிப்புத்தகம் வந்தது. விதிகளுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த முக்கியமான மனிதர் கம்பெனியைவிட்டு வெளியேறினார். 'சண்டை ரூல்ஸே இவ்வளவு வேண்டாம்' என்று சொல்லும் புது கேம்களும் வந்திருக்கின்றன. என்னதான் நடக்குது?

முதலில், ஒரு நிமிட அறிமுகம்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்பது பேச்சும் பகடையும் சேர்ந்த விளையாட்டு. ஒருவர் டன்ஜியன் மாஸ்டர், அதாவது டி.எம். கதை சொல்வது, அரக்கர்களை இயக்குவது, நடுவராக இருப்பது எல்லாம் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரம். மந்திரவாதி, வீரர், ஒளிந்து தாக்கும் 'ரோக்' என்று யாராகவும் இருக்கலாம்.

கதை போகிற போக்கில் போகும்போது பெரிய சிக்கல் இல்லை. சண்டை ஆரம்பித்தால் எல்லாம் எண்களாகிவிடும். யார் முதலில் என்பதைத் தீர்மானிக்க இனிஷியேட்டிவ். ஒரு ரவுண்டு என்பது கதையில் 6 விநாடி. ஒவ்வொருவர் முறையிலும் கொஞ்சம் நகரலாம், ஓர் ஆக்‌ஷன் செய்யலாம். தாக்க வேண்டுமென்றால் 20 பக்கப் பகடையை உருட்டி, எதிரியின் கவச எண்ணைத் தொட வேண்டும். சூழல் சாதகமாக இருந்தால் 'அட்வான்டேஜ்'. இரண்டு பகடை உருட்டி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். பாதகமாக இருந்தால் சின்ன எண்.

கேட்க ஈஸியாகத்தானே இருக்கு? ஆனால், ரெண்டு வருஷமாக வாரா வாரம் ஆடி, பெயர் வைத்து, கதை எழுதி வளர்த்த கதாபாத்திரம் ஒரே பகடையில் செத்துப்போகலாம் என்ற நிலை வரும்போது, புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு கமாவும் முக்கியமாகிவிடும்.

தூணுக்குப் பின்னால் ஒரு ரோக்

2024 செப்டம்பரில் வெளிவந்த புதிய 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் இருந்தே ஓர் உதாரணம் பார்ப்போம்.

ஒளிவதற்கான விதி இதில் முன்பைவிட ரொம்பத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. எதிரியின் பார்வைக்கு வெளியே, நல்ல மறைவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பகடை உருட்டி, திறன் எண்ணைக் கூட்டி 15 அல்லது அதற்கு மேல் வந்தால் நீங்கள் ஒளிந்தாயிற்று. ஒளிந்திருக்கும் வரை 'இன்விசிபிள்' நிலை உங்களுக்குக் கிடைக்கும். அது எப்போது கலையும் என்பதற்கும் லிஸ்ட் உண்டு. கிசுகிசுப்பைவிட சத்தமாக ஒலி எழுப்பினால் கலையும். எதிரி கண்டுபிடித்தால் கலையும். நீங்கள் தாக்கினால் கலையும். வாயால் சொல்லும் மந்திரம் போட்டாலும் கலையும்.

இப்போது உங்க ரோக், தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். பகடையில் 22 வந்தாயிற்று. அடுத்து, அவர் தூணைவிட்டு வெளியே வந்து, வெளிச்சமான ஹாலில், காவலாளியின் கண் முன்னாடியே நடந்துபோகிறார். 'நான் இன்னும் இன்விசிபிள்தான்' என்கிறார் பிளேயர். 'மறைவைவிட்டு வெளியே வந்தால் கலையும்னு லிஸ்ட்ல எங்க இருக்கு? காட்டுங்க!'

லிஸ்ட்டில் அப்படி ஒரு வரி இல்லைதான். எதிரி கண்டுபிடிக்க அவர்தானே பகடை உருட்டித் தேட வேண்டும் என்பது பிளேயர் வாதம். 'கண் முன்னாடி வந்து நின்னா, அதுவே கண்டுபிடிச்சதுதானே, அதுக்கு எதுக்குப் பகடை?' என்பது டி.எம் வாதம். ஒளிவதற்குச் சூழல் ஏற்றதா என்பதை டி.எம் முடிவு செய்வார் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. அது ஒளியத் தொடங்கும் தருணத்துக்கு மட்டுமா, தொடர்ந்து ஒளிந்திருப்பதற்குமா? அங்கே அடுத்த பஞ்சாயத்து.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரே பத்தியைத்தான் படிக்கிறார்கள். ஒருவர் எழுத்தைப் படிக்கிறார், இன்னொருவர் அந்தக் காட்சியைப் பார்க்கிறார்.

முஷ்டி ஆயுதமா?

புது புத்தகம் வந்ததே இந்த மாதிரி சண்டைகளைக் குறைக்கத்தான். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதைவிட வேடிக்கைகள் உண்டு.

அதில் 'நெருங்கி நின்று செய்யும் ஆயுதத் தாக்குதல்' என்பதும், 'நெருங்கித் தாக்கும் ஆயுதத்தால் செய்யும் தாக்குதல்' என்பதும் வேறு வேறு! வெறும் கையால் குத்துவது முதல் வகையில் வரும், ஆனால் முஷ்டி ஓர் ஆயுதம் கிடையாது. தலை சுத்துதா? பாலடின் பிளேயர்களுக்கும் சுற்றியது. வாளால் வெட்டினால் கூடுதல் தெய்வீக சேதம் தரும் 'டிவைன் ஸ்மைட்' திறனை, கையால் குத்தும்போது பயன்படுத்த முடியாது என்று கம்பெனியின் அதிகாரபூர்வ விளக்கம் வந்தது. விதியில் 'ஆயுதத்தின் சேதத்தோடு சேர்த்து' என்ற பொருளில் இருந்த ஒரு சொற்றொடர்தான் காரணம்.

இன்னொன்று, இன்விசிபிள் எதிரி. பழைய புத்தகத்தில் இந்த நிலைக்கு இரண்டு தனித்தனி வரிகள். அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்பது ஒன்று. அவரைத் தாக்குகிறவருக்குப் பாதகம், அவர் தாக்கினால் சாதகம் என்பது இன்னொன்று. இரண்டாவது வரி முதல் வரியைச் சார்ந்தது என்று எங்கேயும் எழுதவில்லை. எழுத்தைப் பிடித்துக்கொண்டு படித்தால், மந்திரம் போட்டு அவரைத் தெளிவாகப் பார்க்க முடிந்தாலும் உங்களுக்குப் பாதகம் பாதகம்தான்!

2024 புத்தகம் இரண்டையும் சரிசெய்தது. கையால் குத்தினாலும் ஸ்மைட் உண்டு. பார்க்க முடிகிறவருக்கு எதிராக இன்விசிபிளின் பலன் கிடையாது. இன்னொரு மாற்றமும் சுவாரஸ்யம். காயத்துக்கு மருந்து குடிக்க முன்பு முழு ஆக்‌ஷன் செலவாகும். பல டேபிள்களில், 'இது ரொம்ப ஓவர்' என்று சொந்தமாகவே 'போனஸ் ஆக்‌ஷன் போதும்' என்று மாற்றிக்கொண்டார்கள். புது புத்தகத்தில் அதுவே அதிகாரபூர்வ விதியாகிவிட்டது. டேபிளில் பிறந்த தீர்ப்பு, புத்தகம் ஏறிய கதை!

ஆனால் கவனிச்சீங்களா? பழைய ஓட்டைகளை அடைத்த அதே புத்தகத்தில்தான் தூணுக்குப் பின்னால் இருக்கும் ரோக்கும் வந்து நிற்கிறார். ஓர் ஓட்டையை அடைக்க எழுதும் வார்த்தைகளே அடுத்த ஓட்டைக்கு வாசலாகிவிடுகின்றன.

'சேஜ்' நாற்காலி

அப்போ, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இதற்கென்றே ஒரு நாற்காலி இருந்தது. 1979-ல் 'டிராகன்' பத்திரிகையில் 'சேஜ் அட்வைஸ்' என்ற கேள்வி பதில் பகுதி தொடங்கியது. வாசகர்கள் கடிதம் போட்டு சந்தேகம் கேட்பார்கள், பதில் அச்சாகி வரும். அதற்குள் சண்டையும் முடிந்து, செத்த கதாபாத்திரத்துக்குக் காரியமும் முடிந்திருக்கும்.

ஐந்தாம் பதிப்பு வந்த பிறகு வேகம் கூடியது. விதி வடிவமைப்பாளர் ஜெரமி கிராஃபோர்டிடம் ட்விட்டரிலேயே கேட்கலாம். அவர் போடும் ஒரு வரி ட்வீட்டை போனில் எடுத்து, 'பாருங்க, அவரே சொல்லிட்டார்' என்று டி.எம் முகத்துக்கு நேரே நீட்டுவது வழக்கமானது. 2019-ல் கம்பெனியே கொஞ்சம் பிரேக் போட்டது. ட்வீட்கள் அதிகாரபூர்வ தீர்ப்பு அல்ல, 'சேஜ் அட்வைஸ்' தொகுப்பில் இடம்பெறுபவைதான் செல்லும் என்றானது.

2025-ல் கிராஃபோர்டு, டி அண்ட் டி-யை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தைவிட்டு விலகினார். நீண்டகாலம் அங்கே இருந்த கிரிஸ் பெர்கின்ஸும் விலகினார். இருவரும் அதே ஆண்டு ஜூனில், 'கிரிட்டிக்கல் ரோல்' குழுவின் வெளியீட்டுப் பிரிவான டேரிங்டன் பிரஸ்ஸில் சேர்ந்தார்கள். விதியை எழுதி, பத்து வருஷம் விளக்கமும் சொன்னவர் இப்போது போட்டி கேம் வெளியிடும் இடத்தில்!

இது நஷ்டமா? ஒரு விதத்தில் ஆமாம். குழப்பம் வந்தால் கேட்க ஒரு முகம் இருந்தது. ஆனால், அந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. உங்க டேபிளில் உட்காராத ஒருவர், உங்க கதை தெரியாத ஒருவர், சண்டை முடிந்த பிறகு சொல்லும் பதில் அது. சரியான பதிலாகவே இருந்தாலும், லேட்டாக வந்த பதில்.

200 வருஷப் பழைய சண்டை

இது டி அண்ட் டி கண்டுபிடித்த பிரச்னை இல்லை. 1824-ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 'கிரீக்ஸ்ஸ்பீல்' என்ற போர் விளையாட்டை அறிமுகப்படுத்தினார். வரைபடம், பகடை, சேத அட்டவணை, நடுவர் எல்லாம் அதில் உண்டு. ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அது.

நாளாக ஆக அட்டவணைகள் பெரும் சுமையாகின. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி வேறு வழி சொன்னார். அட்டவணையை ஓரமாக வையுங்கள். போர் அனுபவமுள்ள நடுவர், சூழலைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லட்டும். 'சுதந்திர கிரீக்ஸ்ஸ்பீல்' என்று அதற்குப் பெயர். ஆட்டம் வேகமானது. ஆனால், எல்லாமே நடுவர் மீதுள்ள நம்பிக்கையில் நின்றது.

விதியா, நடுவரா? டி அண்ட் டி-யின் வரலாறே இந்த இரண்டுக்கும் நடுவே ஆடும் ஊஞ்சல்தான். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட முதல் பதிப்பு மூன்று சின்னப் புத்தகங்கள். சண்டைக்கு 'செயின்மெயில்' என்ற 1971 போர் விளையாட்டின் விதிகளையோ, உள்ளே இருந்த மாற்று முறையையோ பயன்படுத்தலாம். நடுவில் ஏகப்பட்ட இடைவெளி, நிரப்புவது நடுவர் வேலை. 1979-ல் வந்த டி.எம் கையேட்டில் விதிகள் குவிந்தன. ஆனால், அதன் முடிவிலும் எழுத்தைவிட ஆட்டத்தின் ஆன்மாவே பெரிது என்ற பொருளில் கைகாக்ஸ் எழுதிவைத்தார். 2008-ன் நான்காம் பதிப்பு, கட்டம் கட்டமாக நகரும் இறுக்கமான சண்டை முறை. 2014-ன் ஐந்தாம் பதிப்பு மறுபடியும் நடுவர் பக்கம் சாய்ந்தது. 2024-ல் ஊஞ்சல் மீண்டும் எழுத்துப் பக்கம்.

விவசாயிகளின் ராக்கெட்!

எழுத்தையே பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆட்டக்காரர்கள் வட்டாரத்தில் பிரபலமான ஒரு ஜோக் உண்டு. 2,000 விவசாயிகளை 5 அடிக்கு ஒருவராக வரிசையில் நிறுத்துங்கள். 'பக்கத்து ஆள் கொடுத்தால் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பேன்' என்று எல்லோரும் ரெடியாக இருக்கிறார்கள். முதல் ஆளிடம் ஓர் இரும்புக் கம்பியைக் கொடுங்கள். விதிப்படி இவ்வளவும் ஒரே ரவுண்டில் நடக்கலாம். அதாவது 6 விநாடியில் 10,000 அடி, சுமார் 3 கிலோமீட்டர். விநாடிக்கு 500 மீட்டர், ஒலியைவிட வேகம்! 'அப்போ அந்தக் கம்பி எதிரியைத் துளைச்சுட்டுப் போகணுமே?' என்கிறார் பிளேயர்.

தந்திரம் எங்கே இருக்குன்னு பாருங்க. கம்பியைக் கடத்துவதற்கு விதிப்புத்தகம், மோதுவதற்கு மட்டும் இயற்பியல் புத்தகம்! கடைசி வரை விதியையே பின்பற்றினால், கடைசி விவசாயி வீசும் கம்பி சாதாரணமாக வீசிய பொருள்தான். சேதம், ஒரு 4 பக்கப் பகடை. அவ்வளவுதான்.

2024 நவம்பரில் வந்த புதிய டி.எம் கையேடு, விதிகளைச் சுரண்டும் இப்படிப்பட்ட வாதங்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறது. விதிகள் இயற்பியல் அல்ல, நல்லெண்ணத்தோடு படித்தால்தான் அவை வேலை செய்யும் என்பது அதன் சாரம். இறுக்கமாக எழுதிய பதிப்பே, 'எழுத்து மட்டும் போதாது' என்று ஒப்புக்கொண்ட இடம் இது.

கம்ப்யூட்டர் நடுவர்

'அப்போ மனுஷ நடுவரே வேண்டாம், கம்ப்யூட்டர் பார்த்துக்கட்டும்' என்று தோன்றலாம். 2023 ஆகஸ்ட்டில் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கிட்டத்தட்ட அதுதான். ஐந்தாம் பதிப்பின் விதிகளை லேரியன் நிறுவனம் தனக்கேற்ப மாற்றி வீடியோ கேமில் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதையும் வென்றது. டி அண்ட் டி பக்கமே வராத பலர் இனிஷியேட்டிவ், அட்வான்டேஜ் எல்லாம் கற்றுக்கொண்டது அதில்தான்.

அங்கே வாக்குவாதம் கிடையாது. காரணம், கம்ப்யூட்டர் புத்திசாலி என்பதல்ல. ஓர் எதிரியின் மேல் கர்சரை வைத்தாலே, அடி விழ எத்தனை சதவிகித வாய்ப்பு என்று முன்கூட்டியே காட்டிவிடும். பிடிக்கலையா, வேற ஆளைத் தாக்குங்க. கிளிக் செய்த பிறகு தோற்றால் பகடை மீதுதான் கோபம் வரும், நடுவர் மீது வராது. ஆனால், 'மேலே தொங்கும் விளக்கை அறுத்து, திரையைப் பிடித்து ஊஞ்சலாடி...' என்று நீங்கள் புதுசாக யோசித்தால், அதை முன்கூட்டியே யாராவது புரோகிராம் செய்திருக்க வேண்டும்.

மறுபக்கம், 2025 மே மாதம் டேரிங்டன் பிரஸ் வெளியிட்ட 'டேகர்ஹார்ட்'. அதில் இனிஷியேட்டிவ் வரிசையே இல்லை. கதை யார் பக்கம் போகிறதோ அவர் ஆடலாம். 'ஹோப்', 'ஃபியர்' என்று இரண்டு 12 பக்கப் பகடைகள். ஃபியர் பெரிதாக விழுந்தாலோ, முயற்சி தோற்றாலோ ஆட்டம் நடுவர் கைக்குப் போகும். வாதாட வரிகள் குறைவு. ஆனால், நடுவர் மேல் நம்பிக்கை அதிகம் வேண்டும்.

பகடைக்கு முன்னாடியா, பின்னாடியா?

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். எந்தத் தீர்ப்பு சரி என்பதைவிட, அது எப்போது வருகிறது என்பதுதான் டேபிளில் நட்பைக் காப்பாற்றுகிறது அல்லது உடைக்கிறது.

பகடை உருளும் முன், அந்தத் தீர்ப்பால் யாருக்கு லாபம் என்று யாருக்கும் தெரியாது. அதனால் நேர்மையாக யோசிக்க முடியும். எண் விழுந்த பிறகு எல்லோரும் வக்கீல்கள். 'ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா?' என்று தெரு கிரிக்கெட்டில் ஆட்டம் தொடங்கும் முன் கேட்டால் அது ரூல். கேட்ச் பிடித்த பிறகு கேட்டால் அது சண்டை. அதே கதைதான்.

தூணுக்குப் பின்னால் இருக்கும் ரோக்கிடம் டி.எம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'நீ வெளியே வந்தா காவலாளி பார்த்துடுவான், இந்த டேபிள்ல அப்படித்தான். இப்பவும் போறியா?' பிளேயருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால், ஏமாந்துபோக மாட்டார். அவர் வெளியே வந்து, அடிபட்டு, செத்த பிறகு சொன்னால் அது தீர்ப்பு இல்லை, தண்டனை.

நீங்க புதுசா ஒரு குரூப் ஆரம்பிக்கிறீங்கன்னா, சில விஷயங்களை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். இதற்குப் புத்தகம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2014 விதிகளின் தொகுப்பு 2023 ஜனவரியில் அந்த உரிமத்துக்கு வந்தது, 2024 விதிகளின் தொகுப்பு 2025 ஏப்ரலில் வந்தது. போனிலேயே படிக்கலாம்.

* எந்தப் பதிப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள். பாதி சண்டைகள், ஒருவர் 2014-ஐயும் இன்னொருவர் 2024-ஐயும் மனதில் வைத்துப் பேசுவதால் வருபவை.

* சந்தேகம் வந்தால் ஒரு நிமிஷம் மட்டும் தேடுங்கள். கிடைக்கலையா, டி.எம் சொல்வதே அன்றைக்குத் தீர்ப்பு. ஆட்டம் முடிந்த பிறகு நிதானமாகப் படித்து, அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். முடிவை வாட்ஸ்அப் குரூப்பில் பின் செய்துவிடுங்கள்.

* உங்களுக்குச் செல்லும் விதி, கோப்ளினுக்கும் செல்லும். ரோக் கண் முன்னால் நடந்துபோகலாம் என்றால், நாளைக்கு 10 கோப்ளின்கள் உங்கள் கூடாரத்துக்குள் அப்படியே நடந்து வரும். இதைச் சொன்னதுமே பாதி வாதங்கள் அமைதியாகிவிடும்.

* ஒருவர் விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு காரியம் செய்யப்போகிறார் என்று தெரிந்தால், பகடை உருளும் முன் மாற்றிக்கொள்ள வாய்ப்பு கொடுங்கள். உயிர் போகும் இடத்தில் இது கட்டாயம்.

கடைசியாக, மறுபடி அந்த பேஸ்மென்ட்டுக்கு வருவோம். மைக் பார்க்கலைன்னா 7 கணக்கில்லை என்ற விதியைப் பசங்க கண்டுபிடித்தது எப்போது? 7 விழுந்த பிறகு! வில் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. உருட்டும் முன் எல்லோரும் ஒப்புக்கொண்டது 13. விழுந்தது 7. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த முறை உங்க டேபிளில் பகடை கீழே உருண்டு ஓடினால், குனிந்து தேடும் முன்னாடியே கேட்டுக்கோங்க: 'கீழே விழுந்தது செல்லுமா, செல்லாதா?' எண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க மக்களே!